காசி பேக்கேஜ்: 9 நாளில் காசிக்குக் கிடைப்பது எத்தனை மணி நேரம்?

"காசி – கயா – பிரயாகை – அயோத்தி. 9 நாள். தென்னிந்தியச் சாப்பாடு. தமிழ் பேசும் வழிகாட்டி." கோயில் வாசலில் கையில் திணிக்கப்படும் நோட்டீஸிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்திலும் இந்த வரிகள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். விலைதான் சில ஆயிரங்கள் முன்னே பின்னே. போய் வந்தவர்களைக் கேட்டால் ஒருவர் "ஜென்ம சாபல்யம்" என்பார், இன்னொருவர் "எங்கே பார்த்தோம், ஓடிக்கொண்டே இருந்தோம்" என்பார். இருவரும் ஒரே பஸ்ஸில் போனவர்களாகக்கூட இருக்கலாம்.

இந்த மனக்குறைக்கு எப்போதும் மோசடி காரணமாக இருப்பதில்லை. நோட்டீஸில் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன, மணிக்கணக்கு இல்லை. காசியோ நேரத்தை விழுங்கும் ஊர். பஸ் ஓரிடத்தில் நின்றுவிடும், வரிசை நகராது, ஆறு ஏறும், பனி இறங்கும். இவை எங்கே, எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரிந்தால் எந்த பேக்கேஜ் உங்களுக்குச் சரிப்படும் என்பதைப் பணம் கட்டும் முன்பே சொல்லிவிடலாம்.

1. ஊர் எப்படி அமைந்திருக்கிறது

வருணா, அசி என்ற இரண்டு சிற்றாறுகள் கங்கையில் கலக்கும் இடங்களுக்கு நடுவே இருப்பதால் வாரணாசி. பனாரஸ் என்ற பெயர் மாறி, வாரணாசி என்பது அதிகாரபூர்வமானது 1956-ல். நமக்கு எப்போதும் காசிதான்.

கிழக்கே ஓடவேண்டிய கங்கை இங்கே வளைந்து வடக்கு நோக்கிப் போகிறது. ஊர் முழுக்க மேற்குக் கரையில். எதிர்க்கரை பெரும்பாலும் வெறும் மணல் திட்டு. அதனால்தான் படித்துறையில் நின்றால் ஆற்றுக்கு அப்பால், எதுவும் மறைக்காமல், சூரியன் நேரே எழுவது தெரிகிறது. விடியற்காலைப் படகுக்கு இவ்வளவு மவுசு வந்ததற்கு இந்த ஒரு வளைவே காரணம். தெற்கே அசியிலிருந்து வடக்கே ஆதிகேசவர் கோயில் வரை 84 படித்துறைகள்; இந்தியில் 'காட்'. இரண்டு முனைகளுக்கும் இடையே ஆறேழு கிலோமீட்டர்.

படித்துறைக்குப் பின்னால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பழைய ஊர் என்பது சந்துகளின் வலை. அங்கே 'கலி' என்பார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும். நடுவில் ஒரு மாடு படுத்திருந்தால் எல்லோரும் அதைச் சுற்றித்தான் போகவேண்டும், பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். 40 பேர் உட்காரும் பஸ்ஸுக்கு இங்கே வேலையே இல்லை. அது ஊரின் ஓரத்தில் நின்றுவிடும். அங்கிருந்து இ-ரிக்‌ஷா, அதுவும் கோதௌலியா சந்திப்புக்கு முன்னாலேயே இறக்கிவிடும், அப்புறம் நடை. 3.75 கி.மீ. நீளத்துக்கு ரயில் நிலையத்தையும் கோதௌலியாவையும் இணைக்கும் ரோப்வே திட்டத்துக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள் என்றால், கீழே தெருவில் நிலைமை என்ன என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

40 பேரை நாலு நாலாக இ-ரிக்‌ஷாவில் ஏற்றி, மறுமுனையில் எண்ணிப் பார்த்து, செருப்பு வாங்கப் போன இருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். திரும்பும்போது இன்னொரு முக்கால் மணி. நாளுக்கு இரண்டு முறை வெளியே போனால் மூன்று மணி நேரம் இதற்கே சரி.

ஆகவே முதல் கேள்வி: தங்குமிடம் எங்கே? படித்துறையிலிருந்து நடக்கிற தூரத்திலா, ரயில் நிலையம் பக்கமா, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஹோட்டலா? நெடுஞ்சாலை ஹோட்டலில் லிஃப்ட் இருக்கும், பஸ் வாசலுக்கே வரும், அறையும் பெரிதாக இருக்கும். ஆனால் விடியற்காலை 4 மணிக்கு நீங்களாக எழுந்து ஆற்றங்கரைக்குப் போக முடியாது. காசியில் பார்க்க வேண்டியதில் பாதி அந்த நேரத்தில்தான் நடக்கிறது.

2. நோட்டீஸின் மொழி

சில சொற்களுக்கு அகராதிப் பொருள் வேறு, பேக்கேஜ் பொருள் வேறு.

1. தரிசனம்: கோயில் வாசல்வரை கூட்டிப்போவார்கள் என்று பொருள். வரிசையில் நிற்பது உங்கள் பாடு. சிறப்பு தரிசனச் சீட்டு வேண்டுமென்றால் அது தனிச் செலவு.

2. பார்வையிடல், சைட் சீயிங்: பஸ்ஸிலிருந்து கை காட்டப்படும் இடங்களும் இதில் சேரும். சாரநாத், ராம்நகர் கோட்டை, காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் புது விசுவநாதர் கோயில் ஆகியவை பஸ் போகக்கூடிய இடங்கள் என்பதால் பட்டியலில் தவறாமல் இருக்கும்.

3. ஷேரிங்: இருவர் அறையா, மூவர் அறையா, நால்வரா? விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இங்கேதான். தனியாக வரும் முதியவரை அறிமுகமில்லாத இருவரோடு போட்டுவிடுவதும் நடக்கும்.

4. சுய செலவு: படகு, இ-ரிக்‌ஷா, சடங்கு, புரோகிதர் தட்சிணை, லாக்கர், வழியில் வாங்கும் காபி. தனித்தனியாகச் சிறிதுதான், கூட்டினால் கண்ணில் படும்.

5. வரி தனி: டூர் ஆபரேட்டர்கள் பேக்கேஜ் தொகைக்கு 5% ஜிஎஸ்டி வசூலிப்பது வழக்கம். சொன்ன விலையில் அது அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்கவேண்டும்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் என்பது நிறுவனங்கள் விருப்பப்பட்டு விண்ணப்பித்துப் பெறுவது. அது இல்லாததாலேயே ஒருவர் மோசமானவர் ஆகிவிடமாட்டார். இருபது வருடமாக அதே சமையல்காரரோடு யாத்திரை கூட்டிப்போகும் தனிமனிதர்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. பலர் பெரிய நிறுவனங்களைவிட நன்றாகவே நடத்துகிறார்கள். ஆனால் ரசீது கொடுக்காதவர் பெரியவரோ சிறியவரோ, அவரிடம் பணம் கட்டக்கூடாது.

3. மணிக்கணக்கு

ஒரு மாதிரி பேக்கேஜை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ரயில், 9 நாள், நான்கு ஊர்.

சென்னையிலிருந்து காசிக்கு ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேல். முதல் நாள் மாலை ஏறினால் மூன்றாம் நாள் காலை இறங்கலாம். ஒன்பதாம் நாள் ஊர் திரும்ப, ஏழாம் நாள் மாலை ரயிலேற வேண்டும். நடுவில் கையில் இருப்பது நாலரை நாள்.

காசியிலிருந்து பிரயாகை சுமார் 120 கி.மீ. கயா சுமார் 250. அயோத்தி 200-க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் ஒதுக்கினால் மூன்று நாள் போய்விடும். அதிலும் கயா நாள் விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பி ராத்திரி 10 மணிக்குத் திரும்புகிற நாள். பஸ்ஸில் மட்டும் 10, 12 மணி நேரம்.

மிச்சம் காசிக்கு: மூன்றாம் நாள் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 9 வரை 7 மணி நேரம். ஏழாம் நாள் காலை 5 மணியிலிருந்து மாலை 3 வரை 10 மணி நேரம். ஆகமொத்தம் 17.

இந்தப் பதினேழில் விசுவநாதர் வரிசைக்கு 4, பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து திரும்புவதற்கு இரண்டரை, சாப்பாடும் சற்று உட்காருவதும் 3, கேட்காமலே கூட்டிப்போகும் பட்டுப்புடவைக் கடைக்கு ஒன்றரை. கூட்டினால் 11. மீதி 6 மணி நேரத்தில் விசாலாட்சி, அன்னபூரணி, காலபைரவர், விடியல் படகு, மாலை ஆரத்தி, கங்கை ஸ்நானம்.

"ஓடிக்கொண்டே இருந்தோம்" என்பது இந்த 6 மணி நேரத்தின் கதை. யாரும் ஏமாற்றவில்லை, நோட்டீஸில் சொன்ன எல்லா ஊரையும் காட்டிவிட்டார்கள். அயோத்தியை எடுத்துவிட்டால் காசிக்கு ஒரு முழு நாள் சேரும். 17 மணி நேரம் 30-ஐத் தாண்டும். நான்கு ஊர் பேக்கேஜைவிட மூன்று ஊர் பேக்கேஜ் விலை குறையாமல் இருந்தால்கூட அதுவே லாபம் என்பேன். விற்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஊர்ப்பெயர் ஒன்று கூடினால் நோட்டீஸ் நன்றாக ஓடும், அவ்வளவுதான்.

விமானத்தில் போனால் மூன்று நாள் மிச்சமாகும். ஆனால் விமான பேக்கேஜ்கள் அந்த மூன்று நாளைக் காசிக்குக் கொடுப்பதில்லை, பயணத்தையே 6 நாளாகச் சுருக்கிவிடுகின்றன. பாபத்பூர் விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 25 கி.மீ. என்பதையும் கணக்கில் வையுங்கள்.

4. எந்த ரயில் நிலையம்?

டிக்கெட்டைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் அதிகம், காரணம் பெயர் மாற்றங்கள். வாரணாசி சந்திப்பு என்பதைத்தான் உள்ளூரில் 'கேண்ட்' என்கிறார்கள். 'பனாரஸ்' என்பது வேறு நிலையம், 2021 வரை மண்டுவாடி என்றிருந்தது. 'காசி' என்ற பெயரிலும் ஒரு நிலையம் உண்டு, ராஜ்காட் பாலத்தை ஒட்டி. 'வாரணாசி சிட்டி' இன்னொன்று. முகல்சராய் 2018-ல் பண்டிட் தீன்தயாள் உபாத்யாயா சந்திப்பு ஆனது. அது ஆற்றுக்கு அந்தப் பக்கம், அங்கே இறங்கினால் காசிக்குள் வர இன்னொரு ஒரு மணி நேரம் வேண்டும். அலகாபாத் நகரம் (நம் பிரயாகை) பிரயாக்ராஜ் ஆனதும் அதே 2018-ல்.

5. யாத்திரைக்கு ஒரு வரிசை உண்டு

காசி யாத்திரை என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது காசியில் ஆரம்பிப்பதில்லை. முதலில் ராமேசுவரம். அங்கே சேதுவில் மணல் எடுத்துப் பூஜித்து, அதைப் பிரயாகைக்குக் கொண்டுபோய்த் திரிவேணி சங்கமத்தில் கரைக்கவேண்டும். அங்கிருந்து கங்கை நீர் எடுத்துக்கொண்டு காசி, கயா போய், மறுபடி ராமேசுவரம் வந்து அந்த நீரால் ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி. அபிஷேக நீரைப் பிரயாகையில் எடுக்கவேண்டும், காசியில் எடுக்கக்கூடாது என்பது வழக்கு.

பிரயாகையில் தம்பதியர் செய்யும் வேணி தானம் தனி அழகு. படகிலோ கரையிலோ மனைவியை உட்காரவைத்துக் கணவர் தலை பின்னிவிடுகிறார். நாற்பது வருடத்தில் முதன்முறையாகச் சீப்பைக் கையிலெடுத்து விழிப்பவர்களும் உண்டு. பின்னலின் நுனியை மட்டும் கத்தரித்துச் சங்கமத்தில் விடுவார்கள். கயாவில் விஷ்ணுபாதமும் பல்குனி நதியும் அட்சய வடம் என்ற ஆலமரமும். பிண்டம் வைத்த பிறகு ஆலமரத்தடியில் பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்று விட்டுவிட்டு வருவார்கள். (பிடிக்காத பாகற்காயை விட்டுவிட்டு வந்தவர்கள் பற்றிய கிண்டல் எல்லாக் குடும்பத்திலும் இருக்கும்.)

பேக்கேஜுக்கு இந்த வரிசை ஒத்துவராது. ரயிலும் அறையும் கிடைக்கிறபடி ஊர்களை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். வெறுமனே பார்த்துவர விரும்புகிறவருக்கு இதனால் நஷ்டமில்லை. முறைப்படி செய்ய நினைப்பவர் பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிடவேண்டும். ராமேசுவர மணலோடு கிளம்பி, முதல் நாளே கயாவில் இறக்கிவிடப்பட்டால் வழியில் சண்டை போட்டுப் பயனில்லை.

சடங்குக்கான நேரமும் அப்படித்தான். காசியில் பஞ்ச தீர்த்த சிராத்தம் என்பது அசி, தசாசுவமேதம், வருணா சங்கமம், பஞ்சகங்கை, மணிகர்ணிகை என்ற ஐந்து துறைகளிலும் பிண்டம் போடுவது. படகிலேயே அடுப்பு வைத்துச் சாதம் வடித்து, துறை துறையாகப் போவார்கள். அரை நாளுக்குக் குறையாது. மேலே பார்த்த 6 மணி நேரத்தில் இதற்கு இடமே இல்லை. "சடங்கும் உண்டு" என்று நோட்டீஸில் இருந்தால், அது பெரும்பாலும் 40 பேரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லும் சங்கல்பம்.

தமிழில் செய்துவைக்கும் வாத்தியார்கள் அனுமன் காட், கேதார் காட் பக்கம் இருக்கிறார்கள். அந்தப் பகுதியே ஒரு சின்னத் தமிழ்நாடு. கேதாரீசுவரர் கோயில் குமாரசாமி மடத்தின் பொறுப்பில். குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம் அது. பாரதியார் பதின்ம வயதில் தங்கிப் படித்தது அனுமன் காட்டில், அத்தை வீட்டில். கோதௌலியா அருகே நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம். விசுவநாதர் பூஜைக்குரிய பொருள்கள் அங்கிருந்துதான் நாள்தோறும் 'சம்போ' என்ற முழக்கத்தோடு கோயிலுக்குப் போகின்றன. இவ்வளவும் பஸ் போகாத இடத்தில் இருப்பதால் பல பேக்கேஜ்களில் இடம்பெறுவதே இல்லை.

6. எந்த நாளில் போகிறீர்கள்

தமிழ்க் குழுக்கள் அமாவாசையைக் குறிவைத்துத் தேதி குறிக்கும். வடக்கேயும் அதே அமாவாசைதான், பெயர் மட்டும் வேறு. இது பலருக்குத் தெரிவதில்லை.

நம் தை அமாவாசைதான் அவர்களுடைய மௌனி அமாவாசை. பிரயாகையில் ஆண்டின் மிகப்பெரிய கூட்டம் சேரும் நாள். மகா கும்பமேளாவின்போது 2025 ஜனவரி 29 அன்று நெரிசலில் 30 பேர் இறந்ததாக அதிகாரிகள் அறிவித்தார்களே, அதுவும் தை அமாவாசைதான். பிரயாகைக்கு வந்தவர்கள் அப்படியே காசிக்கும் அயோத்திக்கும் திரும்பியதால் மூன்று ஊரும் சேர்ந்து திணறின. கும்பமேளா இல்லாத வருடங்களிலும் மாக மாதத்தில் பிரயாகையில் மேளா உண்டு.

மகாளய அமாவாசை கயாவின் பித்ருபட்ச மேளா முடியும் நாள். கார்த்திகைப் பௌர்ணமி காசியில் தேவ தீபாவளி. எல்லாப் படித்துறையிலும் விளக்கு. பார்க்கக் கண் கோடி வேண்டும். அறை வாடகையும் படகு வாடகையும் அதற்கேற்ப ஏறும்.

ஆடியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வடக்கே மாதம் பௌர்ணமிக்கு மறுநாள் பிறக்கிறது. அதனால் அவர்களுடைய சாவன் மாதம் நம் ஆடியோடு பெரும்பாலும் சேர்ந்தே ஓடும். சாவன் திங்கட்கிழமைகளில் கங்கை நீர் சுமந்து வரும் காவடியாத்திரிகர்கள் விசுவநாதரை நோக்கித் திரளுவார்கள். அந்தத் திங்கட்கிழமைகளில் சாதாரணக் குழு தரிசனத்துக்குப் போவது வீண். செவ்வாய் போகலாம்.

தங்க அன்னபூரணியைப் பார்க்கவேண்டும் என்றால் மட்டும் வேறு வழியில்லை. தீபாவளியை ஒட்டிய சில நாள்கள்தான் அந்தச் சன்னதி திறக்கும்.

டிசம்பர் பிற்பகுதியும் ஜனவரியும் பனிமூட்டம். கங்கைச் சமவெளி முழுக்க ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். மேலே போட்ட கணக்கில் வருகை 6 மணி நேரம் தள்ளினால் முதல் நாள் ஆரத்தி போச்சு. கூட்டமும் வெயிலும் மழையும் பனியும் ஓரளவு தணிந்திருப்பது நவம்பரிலும் பிப்ரவரி, மார்ச்சிலும். அதிலும் மேளாவும் சிவராத்திரியும் முடிந்த பின்.

7. ஆறு ஏறும்போது

ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கை பெருகும். காசியில் எச்சரிக்கை மட்டம் 70.262 மீட்டர், அபாய மட்டம் 71.262 மீட்டர். 1978-ல் 73.901 வரை போயிருக்கிறது. எண்களை மூன்று தசமம் வரை சொல்வது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் செய்தியில் "எச்சரிக்கை மட்டத்தைத் தாண்டியது" என்று வந்தால் பயணிக்கு அதன் பொருள் திட்டவட்டமானது:

1. படித்துறைகள் மூழ்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கரையோரமாக நடக்க முடியாது. சந்து வழியாகச் சுற்றவேண்டும்.
2. படகுக்குத் தடை வரும். பேக்கேஜில் படகு 'உண்டு' என்று இருந்தாலும் கிடைக்காது.
3. தசாசுவமேதத் துறையின் மாலை ஆரத்தி பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடிக்குப் போய்விடும்.
4. மணிகர்ணிகையிலும் அரிச்சந்திர துறையிலும் தகனம் மேல்தளத்துக்கும் சந்துக்கும் ஏறும். அந்த வழியாகப் போகவேண்டியிருந்தால் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

மணிகர்ணிகை பற்றி இன்னும் இரண்டு வரி. அங்கே சிதைகள் இரவு பகலாக எரிகின்றன. படம் எடுக்கக்கூடாது, படகிலிருந்தும் கூடாது. "விறகு வாங்க வசதியில்லாதவர்களுக்கு உதவுங்கள்" என்று நல்ல ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு ஒருவர் கூடவே வருவார். கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

சரி, குளிக்கலாமா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குளியல் நீர் அளவுகோலில், 100 மில்லி நீரில் மலக்கழிவுக் கோலிஃபார்ம் கிருமி 2,500 எண்ணிக்கையைத் தாண்டக்கூடாது. 2025 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் நீர் பல தருணங்களில் இந்த அளவைத் தாண்டியதாக அதே வாரியம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் அறிக்கை கொடுத்தது பெரிய விவாதமானது. மூன்று முழுக்குப் போடுவதற்கும் உள்ளங்கையில் எடுத்துக் குடிப்பதற்கும் ஆபத்தின் அளவு ஒன்றல்ல. ஆறாத புண் இருப்பவர்களும், சர்க்கரை நோயில் காலில் காயம் உள்ளவர்களும் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்தலாம். சாஸ்திரமும் அதை ஏற்கும். முழுகுகிறவர்கள் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளவேண்டும்: கீழ்ப்படிகள் பாசி, அதற்குக் கீழே ஆழம் சட்டென்று விழும்.

8. விசுவநாதர் தரிசனம் எப்படி நடக்கிறது

இப்போதுள்ள கோயில் இந்தூர் அரசி அகல்யாபாய் ஓல்கர் 1780-ல் கட்டியது. கோபுரத் தங்கம் பின்னர் ரஞ்சித் சிங் கொடுத்தது. கோயிலைச் சுற்றியிருந்த வீடுகளை வாங்கி இடித்து, ஆறு வரை திறந்த வளாகமாக்கி 2021 டிசம்பர் 13-ல் திறந்தார்கள். சுமார் 3,000 சதுர அடியாக இருந்த இடம் ஏறக்குறைய 5 லட்சம் சதுர அடியானது. பழைய சந்துகளை நினைத்து வருந்துபவர்கள் உண்டு, அவர்கள் வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆனால் முட்டிவலிக்காரர்களுக்கு இந்த மாற்றம் வரம். லலிதா காட்டில் படகிலிருந்து இறங்கி, நேரே வளாகத்துக்குள் ஏறிவிடலாம். பஸ், இ-ரிக்‌ஷா, சந்து மூன்றையும் தவிர்க்கும் வழி இது. உங்கள் குழு படகையும் தரிசனத்தையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். வைத்திருந்தால் அந்த அமைப்பாளருக்கு ஊர் தெரியும்.

செல்போன், பை, தோல் பொருள் எதுவும் உள்ளே போகாது. வெளியே பூக்கடைக்காரர்கள் "லாக்கர் இலவசம்" என்று கூப்பிடுவார்கள். லாக்கர் இலவசம்தான், பூக்கூடைக்குத்தான் விலை. கூடையின் விலையை முதலில் கேட்டுக்கொண்டு சாவியை வாங்கினால் வம்பில்லை. கோயிலின் சொந்த லாக்கர்களும் இருக்கின்றன. செல்போன் இல்லாமல் 40 பேர் உள்ளே போய் வெவ்வேறு வாசல்களில் வெளியே வருவதுதான் காசியில் ஆள் தொலைவதற்கு முதல் காரணம். ஒரு சீட்டில் ஹோட்டல் பெயரையும் வழிகாட்டியின் எண்ணையும் இந்தியில் எழுதி ஒவ்வொருவர் மடியிலும் வைத்துவிடுங்கள். ரொம்பப் பழைய உபாயம், இன்றும் பலிக்கிறது.

லிங்கத்தைத் தொட்டு வணங்கும் ஸ்பரிச தரிசனம் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும், கூட்ட நாள்களில் அதுவும் நிறுத்தப்படும். விடியற்காலை மங்கள ஆரத்திக்கும், சீக்கிரம் பார்க்கும் 'சுகம் தரிசன'த்துக்கும் சீட்டுகளைக் கோயிலின் இணையதளத்தில் நீங்களே வாங்கலாம். வாசலில் "நான் கூட்டிப்போகிறேன்" என்பவரிடம் வாங்கவேண்டியதில்லை.

9. ரயிலில் இரண்டு விஷயம்

கீழ் பெர்த். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உள்ள கீழ் பெர்த் ஒதுக்கீடு, ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் பொருந்தும். அமைப்பாளர்கள் வசதிக்காக ஆறு பேரை ஒரே டிக்கெட்டில் போடும்போது அந்த ஒதுக்கீடு போய்விடுகிறது. 70 வயதுப் பாட்டி அப்பர் பெர்த்தில் ஏறத் தவிப்பதற்கு ரயில்வேயை மட்டும் திட்டிப் பயனில்லை. "எங்கள் இருவருக்கும் தனி டிக்கெட் போடுங்கள்" என்று முன்பதிவுக்கு முன்பே சொல்லவேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும் என்பதால், அதற்கு முன் "கன்ஃபர்ம் ஆகிவிட்டது" என்று யாராவது சொன்னால் பிஎன்ஆர் எண் கேளுங்கள்.

அடுத்தது அடுப்பு. கூடவே வரும் சமையல்காரர்தான் தமிழ் பேக்கேஜ்களின் பெரிய ஈர்ப்பு. மூன்றாம் நாள் ரசம் சாதம் கிடைத்தால் குழுவே உயிர்த்தெழும். அது சத்திரத்தில், மண்டபத்தில் நடக்கும்வரை நல்லது. ரயில் பெட்டியில் எரிவாயு சிலிண்டர் கொண்டுபோவது குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த லக்னோ சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்ததும் உள்ளே மறைத்துக் கொண்டுவந்த சிலிண்டரால்தான். உங்கள் பெட்டியில் அடுப்பைப் பார்த்தால் "நமக்காகத்தானே பாவம்" என்று சும்மா இருக்காதீர்கள்.

10. சொன்னது நடக்காவிட்டால்

அமைப்பாளரின் கட்டுப்பாட்டில் இல்லாதவை உண்டு: வெள்ளம், பனி, ரயில் தாமதம், கோயில் நடைமுறை மாற்றம். இவற்றுக்கு இழப்பீடு கேட்டால் நிற்காது. ஆனால் படகு ரத்தானால் படகுப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். ஏசி பெட்டி என்று வாங்கிக்கொண்டு ஸ்லீப்பரில் ஏற்றினால், இருவர் அறை என்று சொல்லி நால்வரைப் போட்டால், அது சேவைக் குறைபாடு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ரசீது தர மறுப்பதே நியாயமற்ற வணிக முறை என்று சொல்லப்பட்டிருக்கிறது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். சரிப்படவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அமைப்பாளரின் ஊருக்கோ காசிக்கோ அலையவேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, 'இ-ஜாக்ரிதி' தளத்தில் இணையவழியாகவும் பதியலாம்.

பணமே கட்டாமல் போகவும் ஒரு வழி உண்டு. தமிழக இந்து சமய அறநிலையத் துறை 2022-23-ல் 200 பேரோடு தொடங்கிய ராமேசுவரம்–காசி ஆன்மிகப் பயணம், 60 முதல் 70 வயது வரையிலான, வருமான வரம்புக்குட்பட்டவர்களுக்கானது, செலவு அரசுடையது. ராமேசுவரத்தில் தொடங்கி ராமேசுவரத்தில் முடிகிறது என்பதால், வரிசையும் பழைய முறைப்படி அமைந்துவிடுகிறது.

தனியாரிடம் போகிறவர்கள், கிளம்பும் முன் அந்த நோட்டீஸின் பின்பக்கத்தில் நான்கு விஷயங்களை எழுதி அமைப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள்: காசியில் எத்தனை இரவு, ஹோட்டல் எந்தப் பகுதியில், அறைக்கு எத்தனை பேர், எவையெல்லாம் சுய செலவு. ஊர் திரும்பிச் சொம்புத் தண்ணீரைப் பங்கு வைத்து முடிக்கும்வரையாவது அந்தக் காகிதம் பத்திரமாக இருக்கட்டும். ஆணையத்துக்குப் போகவேண்டி வந்தால் அது உதவும்.